டிரெயில் ரிட்ஜ் சாலையில் காரில் போகிறவர்களுக்கு

கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவைக் குறுக்கே கடக்கிறது டிரெயில் ரிட்ஜ் சாலை. கிழக்கு முனையில் எஸ்டெஸ் பார்க், மேற்கு முனையில் கிராண்ட் லேக், நடுவில் 48 மைல். அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு 48 மைல் ஒரு தூரமே இல்லை. காலை உணவை முடித்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்கெல்லாம் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம் என்று தோன்றும். இந்தச் சாலையில் ஏமாறுகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள்.

மைலை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள். எஸ்டெஸ் பார்க் ஊர் 7,522 அடியில் இருக்கிறது. சாலையின் உச்சி 12,183 அடி. அமெரிக்காவில் தொடர்ச்சியாகத் தார் போட்ட சாலைகளில் இதற்கு மேலே வேறில்லை. சுமார் 11 மைல் தூரத்துக்கு மரமே கிடையாது. மரம் வளரும் எல்லையைத் தாண்டி ஓடுகிற சாலை அது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த கியரில் இறங்குவது, எங்கே காலை வைக்கக் கூடாது, தலை ஏன் வலிக்கிறது என்ற எல்லாவற்றையும் இந்த உயரம்தான் தீர்மானிக்கிறது. எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரம். பார்த்துப் போவதென்றால் ஒரு வழிக்கே நான்கு, ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக மே மாதக் கடைசியில், மெமோரியல் டே வாரயிறுதியை ஒட்டித் திறப்பார்கள். அக்டோபர் நடுவில் மூடுவார்கள். மற்ற மாதங்களில் கிழக்கே மெனி பார்க்ஸ் கர்வ் வரையிலும், மேற்கே கொலராடோ ரிவர் டிரெயில்ஹெட் வரையிலும்தான் கார் போகும். நடுப்பகுதி பனிக்கு அடியில் கிடக்கும். ஏப்ரல் நடுவில் இரு பக்கமிருந்தும் பனியை வெட்டத் தொடங்கினாலும் மே கடைசி ஆகிவிடுகிறது. சாலையோரத்தில் ஆள் உயரத்தைவிட நீளமான கம்பங்கள் வரிசையாக நட்டிருப்பதை வெயில் காலத்தில் பார்க்கிறவர்கள், எதற்கு இவை என்று யோசிப்பார்கள். பனி மூடிக் கிடக்கையில் சாலையின் விளிம்பு எங்கே என்று பனி அகற்றும் வண்டிக்குக் காட்டுவதற்காக நட்டவை அவை.

திறந்துவிட்டார்கள் என்பதால் நிம்மதியாகிவிட முடியாது. ஜூனிலும் செப்டம்பரிலும் ராத்திரி பெய்த பனி உறைந்து, காலையில் சில மணி நேரம் மூடி வைப்பது சகஜம். சாலை நிலவரத்தைச் சொல்வதற்கென்றே பூங்கா பதிவுசெய்த தொலைபேசித் தகவல் வைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள். போனில் இருக்கிற வழிகாட்டியை மட்டும் நம்பினால், மூடிய சாலை வழியாகவே எஸ்டெஸ் பார்க்கிலிருந்து கிராண்ட் லேக்குக்கு அழைத்துப் போகப் பார்க்கும். சாலை மூடியிருக்கும்போது சுற்று வழி பல மணி நேரம் பிடிக்கும். அந்தப் பக்கம் விடுதி பதிவு செய்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அனுமதியும் கட்டணமும்

கோடைக் கூட்டத்தைச் சமாளிக்க, அண்மை ஆண்டுகளில் மே கடைசி முதல் அக்டோபர் நடு வரை நேரம் குறித்த நுழைவு அனுமதி முறை வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு வகை. டிரெயில் ரிட்ஜ் போவதற்குச் சாதாரண வகை போதும். காலை 9 முதல் பிற்பகல் 2 வரை நுழைகிறவர்களுக்குத்தான் அது தேவை. பூங்காவிலேயே இருக்கும் வேறொரு சாலையான பேர் லேக் சாலைக்குள்ளும் போக வேண்டுமென்றால் இன்னொரு வகை. அங்கே காலை 5 மணியிலிருந்து மாலை 6 வரை அனுமதி கேட்பார்கள். இரண்டும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் கிடைக்கும். முந்தைய மாதத்தின் முதல் தேதி காலை 8 மணிக்கு, கொலராடோ நேரப்படி, பதிவு திறக்கும். அதைத் தவறவிட்டால், கையில் வைத்திருக்கும் மிச்ச அனுமதிகளை, நீங்கள் போகும் நாளுக்கு முந்தைய நாள் மாலை 7 மணிக்கு விடுவார்கள். சரியாக ஏழுக்குத் திரைமுன் உட்காருங்கள்; ஏழு ஐந்துக்கு வந்தால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், போகிற ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்தில் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஆனால் டிரெயில் ரிட்ஜுக்கு மட்டும் போகிறவர் இந்த அனுமதிக்காக அல்லாட வேண்டியதே இல்லை. 9 மணிக்கு முன்னால் வாயிலைத் தாண்டிவிட்டால் போதும். எப்படியும் அந்த நேரத்துக்குள் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். காரணம் கீழே வருகிறது.

நுழைவுக் கட்டணம் தனி. கார் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 30 டாலர். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். 2026 முதல் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவில் வசிக்காத பெரியவர்கள், ஆண்டுச் சீட்டு இல்லாவிட்டால், இந்தப் பூங்காவில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையோ உறவினரையோ அழைத்துப் போகிறவர்கள், எது லாபம் என்று வாயிலுக்கு வருவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும். பின்னால் கார்கள் வரிசைகட்டி நிற்கும்போது அந்தக் கணக்கு ஓடாது. அமெரிக்காவில் வசிப்பவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கிலிருந்து, அதிகாலையில்

எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் கிழக்குதான். காலையில் மேற்கு நோக்கி ஏறும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கண் கூசாது, எதிரே இருக்கும் மலைகள் மேல் முழு வெளிச்சம் விழும். பிற்பகலில் அதே வழியே திரும்பினால் மறுபடியும் சூரியன் முதுகுக்குத்தான் போகும். மேற்கிலிருந்து காலையில் ஏறுகிறவர் வளைவுக்கு வளைவு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் கிழக்கிலிருந்து ஏறுவது நல்லது. மர எல்லைக்கு மேலே, ஃபாரஸ்ட் கேன்யன் பள்ளத்தாக்கை ஒட்டிச் சாலை நீண்ட தூரம் போகிறது. மேற்கு நோக்கிப் போகையில் அந்தப் பள்ளம் இடது கைப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில் வலப்புறம் ஓட்டுவதால், உங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எதிர்த் தடம் முழுதாக இருக்கும். திரும்பி வருகையில் நீங்கள் விளிம்புத் தடத்தில் இருப்பீர்கள், பல இடங்களில் தடுப்புக் கம்பியும் கிடையாது. பயந்த சுபாவம் உள்ளவரைப் போகும்போது வலது பின் இருக்கையிலும், வரும்போது ஓட்டுநருக்குப் பின்னாலும் உட்கார வையுங்கள். அதற்குக் கீழே, மரங்களுக்கிடையில், வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறும். ஆனால் மரம் மறைத்துவிடுவதால் அவ்வளவு உறுத்தாது. தடுப்புக் கம்பி ஏன் இல்லை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கம்பி இருந்தால் பனியைத் தள்ளி வெளியேற்ற முடியாது, காற்றடித்துக் கொண்டுவரும் பனியும் அதில் தேங்கிவிடும்.

கிளம்பும் நேரம்: கோடையில் காலை ஆறரைக்குள் வாயிலைத் தாண்டிவிடுங்கள். மேலே வாகனம் நிறுத்த இடம், விலங்குகள், இடி மின்னல் இந்த மூன்றுமே காலைக்குச் சாதகமானவை. உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஆல்பைன் விசிட்டர் சென்டரின் வாகன நிறுத்தம் பத்து மணிக்குமேல் நிரம்பிவிடும், அப்புறம் மூன்று மணி வரை இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

ஏறும்போது

பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் ஒன்றுகூட இல்லை. எஸ்டெஸ் பார்க்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கொலராடோவில் ஒரு சங்கதி உண்டு: அங்கே சாதாரண பெட்ரோல் என்று விற்பது பெரும்பாலும் 85 ஆக்டேன். கார்புரேட்டர் காலத்து இன்ஜின்களுக்கு, காற்று மெலிந்த உயரத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் கையேடு குறைந்தது 87 கேட்கிறது. வாடகைக் காரானாலும் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் பார்த்துவிட்டு, நடுப் பட்டனை அழுத்துங்கள். சில டாலர் கூடும், அவ்வளவுதான்.

டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். உச்சிக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லையே, ஏதோ பழுது போல என்று பதற வேண்டாம். ஏசியை அணைத்துவிட்டு, கியரைக் குறைத்து, இன்ஜினைக் கொஞ்சம் கத்த விட்டே ஏறுங்கள். சரிவு எங்கும் 7 சதவீதத்தைத் தாண்டாது; 1929இல் வேலை தொடங்கியபோதே அப்படித்தான் திட்டமிட்டார்கள். மின்சாரக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 2 டன் எடையை எஸ்டெஸ் பார்க்கிலிருந்து உச்சி வரை தூக்க, உயரத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரம் செலவாகும். வழக்கமான ஓட்டத்துக்கு ஆகும் செலவு அதற்கு மேலே. இறங்கும்போது இதில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும். ஆகவே உச்சியில் மிச்சத்தைப் பார்த்துப் பயந்து அங்கேயே திரும்பிவிட வேண்டியதில்லை.

டயர் காற்றைப் பற்றியும் கேட்பார்கள். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் காட்டும் அளவு கூடும். மேலே குளிர் அதிகம் என்பதால் குறையவும் செய்யும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். யாராவது சொன்னார்கள் என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுக்கிடத்தில் ஒதுங்கி அவர்களை விட்டுவிடுங்கள். தினமும் இந்த வழியே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டே வந்தால் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டுவோம், அதுதான் ஆபத்து. வண்டியை நிறுத்துவது ஒதுக்கிடங்களில் மட்டும். எல்க் மான் ஒன்று ஓரத்தில் நிற்கிறது என்பதற்காக நடுச்சாலையில் பிரேக் போடுகிறவர்களால் பின்னால் வரும் கார்கள் மோதுகின்றன. இரண்டு சக்கரத்தைப் புல்லில் இறக்கி நிறுத்துவதும் கூடாது. அது வெறும் புல் இல்லை.

மேலே என்ன இருக்கிறது

மெனி பார்க்ஸ் கர்வில் கீழே விரியும் புல்வெளிப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கலாம். ரெயின்போ கர்வ் 10,829 அடியில் இருக்கிறது. கழிப்பறை வசதி உண்டு. பயன்படுத்திக்கொள்ளுங்கள். இங்கிருந்து மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகி, ஒரே பக்கம் மட்டும் கிளை விட்டு, பிறகு முழங்கால் உயரப் புதராகி, 11,400 அடி வாக்கில் அடியோடு இல்லாமல் போகும். காற்று வீசும் பக்கத்துக் கிளைகளைப் பனித்துகள் உரசிக் கொன்றுவிடும், மறுபக்கக் கிளைகள் மட்டும் பிழைக்கும். ஒரு மரத்தைப் பார்த்தே அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஃபாரஸ்ட் கேன்யன் ஓவர்லுக் 11,716 அடியில். மேற்கு நோக்கிப் போகும்போது இது இடது பக்கம் வரும், எதிர்த் தடத்தைக் கடந்துதான் உள்ளே திரும்ப வேண்டும். திரும்பி இதே வழியில் வருவதாக இருந்தால் இடப்பக்கத்து நிறுத்தங்களை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் குறைவாக இருந்து ஒரே இடத்தில்தான் இறங்க முடியும் என்றால், ராக் கட்டில் இறங்குங்கள். 12,110 அடி. அங்கிருந்து அரை மைல் நீளத்துக்குத் தார் போட்ட நடைபாதை டன்ட்ராவுக்குள், அதாவது மரம் வளராத குளிர்நிலத்துக்குள், போகிறது. எல்லாரும் தூரத்து மலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை, விரல் நகத்தைவிடச் சின்ன நீலப் பூக்கள், உள்ளங்கை அகல மெத்தையாக ஒட்டிக் கிடக்கும் இளஞ்சிவப்புப் பூக்கள், இவற்றுக்கு நடுவே பெரிய மஞ்சள் பூக்கள். மஞ்சள் பூக்கள் அநேகமாக எல்லாமே கிழக்கைப் பார்த்து நிற்கும். செடிகள் இப்படித் தரையோடு ஒட்டி வளர்வது காற்றுக்காக. தரையிலிருந்து ஒரு அடி மேலே தாங்க முடியாத காற்று, இலைகளுக்கிடையிலோ அடக்கமான சூடு. அந்த மெத்தைச் செடி உள்ளங்கை அளவு வளரவே பல பத்தாண்டுகள் ஆகிறது. வளரும் பருவம் சில வாரங்கள்தான் என்பதே காரணம். ஒருவர் மிதித்தால் செடி பிழைக்கும். ஒருவர் மிதித்த இடத்தைப் பார்த்து நூறு பேர் மிதித்தால் மண் பிய்ந்து, அதன்மேல் காற்று வேலை செய்யத் தொடங்கிவிடும். ராக் கட், ஃபாரஸ்ட் கேன்யன் போன்ற கூட்டம் கூடும் இடங்களில் பாதையை விட்டு இறங்கவே தடை. படத்துக்காகச் சங்கிலியைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் பூங்கா ஊழியர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பாறைக் குவியல்களைக் கொஞ்ச நேரம் அசையாமல் கவனித்தால் "ஈப்" என்று ஒரு கூர்மையான சத்தம் கேட்கும். பைக்கா. முயல் இனம், ஆனால் வட்டக் காதும் வாலில்லாத உடம்புமாக எலிபோல இருக்கும். வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் அது தூங்குவதில்லை, இப்போது காயவைத்துச் சேர்க்கும் புல்தான் அப்போதைய தீனி. பக்கத்துப் பாறையில் கொழுத்துப் படுத்திருக்கும் மார்மட் (அணில் இனத்துப் பெரிய விலங்கு) நேரெதிர். உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தூங்கும். இரண்டுக்கும் எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அபராதம் உண்டு என்பது ஒருபுறம், சிப்ஸ் தின்று பழகிய மார்மட் அடுத்த காரின் அடியில்தான் போய் நிற்கும்.

உச்சியை அறிவிக்கும் பலகையைத் தேட வேண்டாம். 12,183 அடி என்பது லாவா கிளிஃப்ஸ், கோர் ரேஞ்ச் என்ற இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் கடந்துபோகும். ஆல்பைன் விசிட்டர் சென்டர் அதைவிடத் தாழ்வு, 11,796 அடி. தேசியப் பூங்காக்களின் விசிட்டர் சென்டர்களில் இதுதான் மிக உயரத்தில் இருப்பது. பக்கத்தில் படிக்கட்டுபோல ஏறும் ஒரு குட்டிப் பாதை 12,005 அடிக்குக் கொண்டுபோகும். ஒரு பக்கம் 0.3 மைல்தான், ஆனால் பாதியிலேயே எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். உடம்பு உயரத்தை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை.

இடி, மின்னல்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகலில் இடி மழை கிட்டத்தட்ட அன்றாடம். காலையில் வெயில் பட்ட சரிவுகளில் சூடான காற்று மேலே ஏறி, மதியத்துக்குள் மேகம் குவிந்துவிடும். மரமே இல்லாத இடத்தில் நிற்கும்போது உயரமான பொருள் நீங்கள்தான். நடையை எல்லாம் பதினொன்றரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மேகம் காலிஃபிளவர்போல மேல்நோக்கிக் குவியத் தொடங்கியதும் காருக்குத் திரும்புங்கள். முதல் இடிச் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம். தலைமுடி நட்டுக்கொண்டாலோ, கம்பியிலோ பாறையிலோ சிறுசிறு வெடிப்பொலி கேட்டாலோ யோசிக்கவே நேரமில்லை, ஓடுங்கள்.

கார் பாதுகாப்பானது. ரப்பர் டயர் இருப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள், அது காரணமில்லை. உலோகக் கூரையும் உடலும் மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடுவதுதான் காரணம். எனவே துணிக்கூரை கார் இந்தக் கணக்கில் சேராது. ஜன்னலை மூடி, உலோகப் பாகங்களைத் தொடாமல் உட்காருங்கள். கூடவே ஆலங்கட்டி மழையும் வரும், சில நிமிடங்களில் சாலை வெள்ளையாகிவிடும். அப்போது ஒதுக்கிடத்தில் நிறுத்திக் காத்திருப்பதே மேல். பெரும்பாலும் அரை மணியில் விட்டுவிடும்.

கீழே டி-ஷர்ட்டில் கிளம்பியவர் மேலே நடுங்கிக்கொண்டு நிற்பது தினசரிக் காட்சி. எஸ்டெஸ் பார்க்கைவிட 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும், அதன்மேல் காற்று. காற்றுத் தடுக்கும் மேலாடை ஒன்று, காதை மூடும் தொப்பி, ஜூலையிலும் வேண்டும்.

உடம்பு

12,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 64 சதவீதம். காலையில் டென்வரில் விமானம் இறங்கி, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு நேரே மேலே போகிறவர்களுக்குத்தான் தொல்லை அதிகம். முடிந்தால் எஸ்டெஸ் பார்க்கில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, காரணமில்லாத எரிச்சல் இவையே முதல் அறிகுறிகள். குழந்தைகள் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் அழுவார்கள், இல்லாவிட்டால் சோர்ந்து தூங்குவார்கள். தண்ணீர் நிறையக் குடிப்பதும் மெதுவாக நடப்பதும் உதவும். ஆனால் மருந்து ஒன்றுதான்: இறங்குவது. 2,000, 3,000 அடி இறங்கினாலே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஓட்டுநருக்கே தலை சுற்றினால் வேறொருவர் ஓட்ட வேண்டும். இதனால்தான் இரண்டு பேருக்கு உரிமம் இருக்கும் குழு நல்லது என்கிறேன். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

காது அடைத்தால் கொட்டாவி விடுங்கள், மிட்டாய் சப்புங்கள். கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுத்தால் காது வலிக்காது. பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் ஊதிப் பெருத்திருக்கும். கிரீம் குப்பியையும் பால் புட்டியையும் திறக்கும்போது முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காதீர்கள்.

இறங்கும்போது

ஏறும்போது நடக்கும் தவறுகள் நேரத்தைத் தின்னும். இறங்கும்போது நடப்பவை பிரேக்கைத் தின்னும். பிரேக் மேல் காலை லேசாக வைத்துக்கொண்டே மைல்கணக்கில் இறங்கினால் பேடும் டிஸ்க்கும் சூடேறிக்கொண்டே போகும், ஆற நேரம் கிடைக்காது. அளவுக்கு மேல் சூடான பேடுக்குப் பிடிமானம் குறையும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகும்; மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெய் நாளாக நாளாகக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த எண்ணெய் சீக்கிரமே கொதிக்கும். பல வருடம் மாற்றாத சொந்தக் காரில் வருகிறவர்கள் கிளம்பும் முன் மாற்றிவிட வேண்டும்.

ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் 'எல்', '2' அல்லது ஸ்டியரிங் பக்கத்திலுள்ள கியர் குறைப்பான், ஹைபிரிட் என்றால் 'பி' என்ற நிலை. இது பார்க்கிங் 'பி' இல்லை, ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவது. இன்ஜின் 3,000, 4,000 சுற்றில் இரைந்தால் பயப்பட வேண்டாம், அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக மிதித்து, வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு மிதிப்பது கெட்ட பழக்கம். எரிந்த வாடை வந்தால் அடுத்த ஒதுக்கிடத்தில், கூடியவரை சமதளத்தில், நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

மேற்குப் பக்கமும் பழைய சாலையும்

விசிட்டர் சென்டரைத் தாண்டி ஏறக்குறைய 4 மைலில் மில்னர் கணவாய், 10,759 அடி. கண்டத்தின் நீர் பிரிமுகடு அங்கேதான் சாலையைக் கடக்கிறது. கிழக்கே விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், மேற்கே விழுவது கொலராடோ ஆற்றுக்கும் போக வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. இன்னும் சில நிமிடம் ஓட்டி ஃபார்வியூ கர்வில் நின்று எதிரே நெவர் சம்மர் மலைத்தொடரைப் பாருங்கள். சரிவில் கோடு கிழித்ததுபோல ஒரு தழும்பு தெரியும். அது கிராண்ட் டிச். 1890இல் தொடங்கி 1936 வரை வெட்டிய கால்வாய். மேற்கே போக வேண்டிய தண்ணீரை மடக்கி, முகட்டைத் தாண்டி, கிழக்குப் பக்கத்து வயல்களுக்குத் திருப்பிவிடுகிறது.

எஸ்டெஸ் பார்க்கிலேயே தங்கியிருப்பவர்கள் இங்கிருந்து திரும்பிவிடலாம். கீழே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி கவுனீச்சி பள்ளத்தாக்குக்குள் போவது மூஸ் என்னும் பெரிய மானைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு. ஆற்றோரப் புதர்களில் காலையிலும் மாலையிலும் மேயும். மூஸிடமிருந்தும் கரடியிடமிருந்தும் 120 அடி, எல்க், மலையாடுகளிடமிருந்து 75 அடி தள்ளி நிற்பது விதி. மூஸ் சாதுபோலத்தான் தெரியும். காது பின்னுக்கு மடிந்தால் அடுத்து பாயும் என்று அர்த்தம். இந்தப் பள்ளத்தாக்கில் கருகி நிற்கும் மரங்கள் 2020 அக்டோபரில் ஈஸ்ட் டிரபிள்சம் தீ விட்டுச் சென்றவை. அந்தத் தீ மரமே இல்லாத முகட்டைத் தாண்டிக் கிழக்குப் பக்கமும் பற்றியது. காற்றடிக்கும் நாளில் அந்த மரங்களுக்கடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

டிரெயில் ரிட்ஜுக்கு முன்னால் இருந்தது 1920இல் முடிந்த ஓல்டு ஃபால் ரிவர் சாலை. இன்றும் மண் சாலை, ஏறுவதற்கு மட்டுமான ஒரு வழி, 15 மைல் வேகம், சில இடங்களில் 16 சதவீதச் சரிவு. வழக்கமாக ஜூலையில் திறப்பார்கள். 25 அடி நீளத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், பின்னால் கட்டி இழுக்கும் வண்டிக்கும் அனுமதி இல்லை. சாதாரணக் காரே போகும். அதில் ஏறி விசிட்டர் சென்டரில் சேர்ந்து, டிரெயில் ரிட்ஜ் வழியே இறங்கினால் ஒரே வழியை இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. நுழைந்த பிறகு திரும்ப வழியில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேற்கே இறங்கி டென்வர் திரும்புகிறவர்கள் கிரான்பி வழியாக 40ஆம் எண் நெடுஞ்சாலையில் போய் பெர்தூட் கணவாயைக் கடக்க வேண்டும். அதுவும் 11,307 அடி, கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை. பிரேக் பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும். பெட்ரோலைக் கிரான்பியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை என்றால் கணவாய்க்குக் கீழே 70ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், அதற்கென்று இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.